சத்தம் இருந்தால் காற்று இருக்கிறது

வால்திவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
ஆம்புலன்ஸ் உடுப்பைக்கூடக் கழற்றாமல்
பேரிக்காய் சீவுகிறேன்.
நடுத்தண்டை எடுத்து, விதைகளை எண்ணி
(ஏழு. ஏழும் என் உள்ளங்கையில். சரி.)
வலைப்பைக்குள் திணித்து மூடியைத் திருகுகிறேன்.
டக் என்று ஒரு சத்தம் வரவேண்டும்.
வந்தது.
இன்னொரு முறை திறந்து மூடினேன்.

எலோயீசாவுக்கு ஆறு மாதம், பதினோரு நாள்.
நிமிர்ந்து உட்காருகிறாள்.
நாங்கள் சாப்பிடும்போது எங்கள் தட்டைப் பார்ப்பதில்லை,
வாயைப் பார்க்கிறாள், பூட்டு திறக்கிறவனைப் பார்ப்பதுபோல்.
பிடியை இரண்டு கையாலும் பற்றி
வலையை ஈறில் வைத்து அரைக்கிறாள்.
மோவாயில் சாறு, கழுத்து மடிப்பில் சாறு,
முழங்கை வழியாக நாற்காலிக்கு.
சாறு வருகிறது. பழம் வரவில்லை.
எனக்கு வேண்டியது அதுதான்.

"ஜன்னல் கம்பி வழியா பாத்தா
ஊரப் பாத்ததா ஆயிடுமா?" என்கிறான் நிபால்தோ.
ரொட்டி சுடுகிறவன் அவன்.
வைத்தது எதுவும் உப்பி வரும் என்று நம்புகிறவன்.
நான் பதின்மூன்று வருடமாக
சைரனுக்குக் கீழே உட்கார்ந்து போகிறவள்.

காயே-காயே ஆற்றங்கரையில் ஒரு வீடு.
மூன்றாம் மாடி. ஒரே ஒரு திராட்சை.
நாங்கள் உள்ளே நுழைந்தபோது
கேக்கின்மேல் நான்கு மெழுகுவத்திகள்
இன்னும் எரிந்துகொண்டிருந்தன.
இதற்குமேல் எழுத மாட்டேன்.

வலையைக் கழுவுவது தனி உத்தியோகம்.
வாழைப்பழம் என்றால் பசை; ஒரு மணி நேரம் விட்டால் சிமெண்ட்.
பழைய பல்துலக்கி, வெந்நீர், வசவு.
முர்த்தாப் பழத்தின் சிவப்பு போகவே இல்லை.
விளக்குக்கு எதிரே பிடித்துக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பேன்,
ஒன்று அறுந்திருந்தாலும் குப்பைக்கு.
இது மூன்றாவது.

பல் முளைத்த வாரம் இரவெல்லாம் அழுதாள்.
என் பாலையே உறையவைத்து வலைக்குள் போட்டுக் கொடுத்தேன்.
நக்கிவிட்டு நிறுத்தினாள்.
தெரிந்த ஆள்தான், ஆனால் கை ஏன் இவ்வளவு சில்லென்று?
பிறகு கடித்தாள். பிறகு தூங்கினாள்,
பிடியை விடாமல்,
என் மார்பெல்லாம் சொட்டி ஈரமாக.
அந்த ஓர் இரவுக்காக
அந்தச் சனியன் பிடித்த பையை யாரும் குறை சொல்ல விடமாட்டேன்.

எட்டாம் மாதம். ஞாயிறு.
விறகடுப்பின் சூட்டில் ஜன்னலெல்லாம் வியர்த்திருந்தது.
அப்பன் மடியில் இருந்தவள்
வலையைத் தூக்கி எறிந்தாள்.
கை தவறியதில்லை. எறிந்தாள்.
அதே கையால் அவன் தட்டிலிருந்த ரொட்டியின்
மொறுமொறு நுனியைப் பிடுங்கி
வாய்க்குள்.

ஓங்கரித்தாள்.

சத்தம் இருந்தால் காற்று இருக்கிறது.
முகம் சிவந்தால் காத்திரு, நீலமானால் பாய்.
தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்,
வரிசையாக இருபது பேர்,
மடியில் ரப்பர் குழந்தை.
என் கால் அந்த வகுப்புக்கு வந்ததே இல்லை போலும்,
எழுந்துவிட்டது, நாற்காலியைத் தள்ளிவிட்டு.
நிபால்தோ ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.
முதல் தடவையாக அவன் முகத்திலும் மாவின் நிறம்.

மறுபடியும் ஓங்கரிப்பு. கண்ணில் நீர்.
நாக்கு முன்னால் வந்தது, உழவு மாடு போல
எதிரே இருந்ததைத் தள்ளிக்கொண்டு.
உள்ளங்கையில் விழுந்தது கூழான ஒரு கட்டி.

அதைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் நின்றுகொண்டே எண்ணினேன்.
எதை எண்ணினேன் என்று தெரியவில்லை,
அறுபத்திரண்டில் விழுங்கினாள்.

மேசைக்கடியில் எங்கள் நாய் சோக்லோ
இரண்டு முன்னங்காலுக்கு நடுவே வலையைப் பிடித்து
கண்ணை மூடி
பேரிக்காயைச் சப்பிக்கொண்டிருந்தது,
யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல்.